ஈசல் கடை

நான் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எவனாவது வந்து, 'கயத்தான் தங்கமான மனுசன்' என்று சொன்னால் அவனையும் நம்பாதீர்கள். அப்படி நாலு பேர் சொல்லப் போய்த்தான் என் பேத்தியின் ஞானஸ்நானத்தன்று நான் நடுத்தெருவில் நிற்கப் பார்த்தேன்.

மணப்பாட்டில் எனக்குக் கருவாட்டு வியாபாரம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். மீன் வாங்கினால் செவுளைத் திறந்து பார்த்துத்தான் வாங்குவேன். கரையில் என்னைக் கண்டதும் வள்ளக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். திருப்பட்டுமே.

எனக்கும் ஒரு காலத்தில் பேங்க் கார்டு இருந்தது. இப்போது எல்லாரும் வைத்திருக்கிறார்களே, வேர் கார்டு, அதுதான். வீடு, கரண்டு, ஆஸ்பத்திரி, நாடித்துடிப்பு எல்லாவற்றிலும் வேர் விட்டு நிற்கும் கார்டு. ஒருநாள் காலையில் என் பெண்டாட்டி மதலேனிடம், "முழங்கால் வலிக்குதுட்டி" என்றேன். சாயங்காலம் தைலம் வாசலில் வந்து நிற்கிறது. காசும் போயிருக்கிறது. நான் சொன்னது என் பெண்டாட்டியிடம். கேட்டது யார்? அன்றைக்கே அந்தக் கார்டைக் கருவாட்டுக் கத்தியால் நாலாக வெட்டினேன்.

அதற்கப்புறம் ப்ரீபெய்டு கார்டுதான். பீர்முகம்மது கடையில் காசைக் கொடுத்தால் காசுக்கு ஒரு கார்டு கொடுப்பான். செலவு செய்வேன், தீர்ந்ததும் வெட்டிப் போடுவேன். கார்டுக்குள் இருக்கிற சில்லை வெட்டினால் அந்த எண்ணும் செத்துப்போகும். என் வாலைப் பிடித்துக்கொண்டு எவனும் வீடு வரை வர முடியாது.

இப்படி நிம்மதியாக இருந்தவனைத்தான் நிலாவில் பிறந்த ஒரு பிள்ளை கவிழ்த்தது.

என் மகள் ஜெனோவா நிலாவில் வேலை பார்க்கிறாள். அங்கே பாறைக்குள் உறைந்து கிடக்கிற பனியை உருக்கித் தண்ணீர் எடுக்கிற கம்பெனியில் இஞ்சினியர். குலசேகரபட்டினத்தில் ராக்கெட் ஏறும்போது என் கையைப் பிடித்து, "ரெண்டு வருசம்ப்பா" என்றாள். போனவள் அங்கேயே வேலை பார்த்த ரூபன் என்கிற பையனைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு வந்தார்கள், போனார்கள், பிள்ளையும் பெற்றாள். நிலாவில் பிறக்கிற பிள்ளைக்கு எலும்பு இளசாக இருக்குமாம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயசு வரை பூமிக்குக் கொண்டுவர முடியாதாம். அதுவரை நான் இருப்பேனா என்பதை எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை.

"அப்பா, நீங்கதான் ஞானத்தகப்பன்" என்று ஜெனோவா திரையில் வந்து சொன்னபோது நான் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். கண்ணில் தூசி.

"எப்படிட்டி? நீ அங்கன, நான் இங்கன. ஞானத்தகப்பன் கை பிள்ள மேல இருக்கணும்லா?"

"தொடு கையுறை வாடகைக்குக் கிடைக்குப்பா. நீங்க இங்கன போட்டுக்கிட்டா, அங்கன ரெண்டு ரப்பர் கை பிள்ளையத் தூக்கும். பிள்ள அசையுறது உங்க கைக்கு வரும். ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் வச்சிருக்கோம். சனிக்கெழம மத்தியானத்துக்குள்ள கையுறை எடுத்தாகணும். இல்லாட்டி…"

"இல்லாட்டி?"

"மாமா ஏற்கெனவே ஒரு சோடி எடுத்து வச்சிருக்காங்க."

மாமா என்றால் ரூபனின் அப்பா. என் சம்பந்தி. இன்னாசி மச்சாது. அந்த ஆளுக்கும் எனக்கும் கல்யாணத்தன்றிலிருந்தே ஒத்துவராது. அவர் கை என் பேத்தி மேல், நான் கூட்டத்தில் நின்று வேடிக்கை பார்ப்பதா? கருவாட்டுப் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு, சனிக்கிழமை காலையில் பீர்முகம்மது கடைக்குப் போனேன். வாடகை, முன்பணம் எல்லாம் சேர்த்துப் பெரிய கார்டாக ஒன்று வாங்கினேன்.

"அண்ணாச்சி, ஒரு வார்த்த சொல்லுதேன், கோவப்படாதீங்க" என்றான் பீர். "ஈசல் கடையில ப்ரீபெய்டு எடுக்க மாட்டாளுவ."

"ஏன், இது காசு இல்லையா?"

"அத அவகிட்டயே கேளுங்க."

ஈசல் கடை என்பது எங்கள் பக்கத்தில் வைத்த பெயர். இப்போதெல்லாம் ஆன்லைனில் கடை என்று நிலையாக ஒன்றும் கிடையாது. நீங்கள் ஒரு சாமான் கேட்டதும் உங்களுக்கென்று ஒரு கடைக்காரியை மெஷின் உண்டாக்கும். அவள் பேசி, விற்று, சாமான் திரும்பி வந்து, கணக்கு முடிந்ததும் அவளைக் கலைத்துவிடும். ஆளுக்கொரு கடைக்காரி என்றால் ஒருத்தன் விவரம் இன்னொருத்தனுக்குப் போகாது என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். மழை விட்ட சாயங்காலம் விளக்கைச் சுற்றி வந்துவிட்டு, விடிந்தால் வெறும் இறகாகக் கிடக்குமே, அந்த மாதிரி.

பீர் கடைத் திரையில் ஒரு பெண் முகம் வந்தது. இருபத்தைந்து வயது மதிக்கலாம். முகத்துக்குக் கீழே ஒரு கோடு. அது நம்பிக்கைக் கோடாம். பாதியைத் தாண்டினால் வியாபாரம்.

"வணக்கம் ஐயா. தொடு கையுறை, நாளை காலை, நிலா நிலையம். சரிதானே?"

"சரிதான். இந்தா கார்டு."

கோடு சர்ரென்று தரைக்கு இறங்கியது.

"மன்னிக்க வேண்டும் ஐயா. இந்தக் கார்டை நான் வாங்க முடியாது."

"காசு பத்தலையா?"

"போதுமான காசு இருக்கிறது."

"கள்ளக்காசா?"

"நல்ல காசுதான்."

"பொறவு என்ன நோக்காடு?"

"காசு இருக்கிறது ஐயா. காசுக்குப் பின்னால் ஆள் இல்லை."

பீர் வாயை மூடிக்கொண்டு சிரித்தான். நான் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரையின் பக்கம் குனிந்தேன்.

"ஏளா, நான் ஆளு இல்லையா? முன்னால நிக்கேன், தெரியலையா?"

"முகம் தெரிகிறது. முகத்தை யார் வேண்டுமானாலும் செய்யலாம். என் முகத்தையே இன்று காலையில்தான் செய்தார்கள்" என்றாள் அவள், கொஞ்சமும் கோபப்படாமல். "வேர் கார்டு என்றால் அதன் பின்னால் ஒரு வீடு இருக்கும். விலாசம் பொருந்துகிறதா என்று பார்ப்பேன். உங்கள் கார்டில் விலாசம் கிடையாது. யாரோ ஒருவருடைய கார்டைத் திருடுகிறவன் முதலில் என்ன வாங்குவான் தெரியுமா? இந்த மாதிரி கார்டுதான். திருட்டுக் காசு இதற்குள் போனால் நல்ல காசாக வெளியே வரும். பிறகு பறிகொடுத்தவர் பேங்கில் முறையிடுவார். பேங்க் என்னிடமிருந்து காசைப் பிடுங்கிக்கொள்ளும். சாமானும் போயிருக்கும், காசும் போயிருக்கும்."

"நான் என்ன திருடனா?"

"அது எனக்குத் தெரியாது. அதைத்தான் சொல்கிறேன். நீங்கள் கையுறையைக் கிழித்துவிட்டால் யாரிடம் கேட்பேன்? நாள் தாண்டி வைத்திருந்தால் வாடகையை எதிலிருந்து எடுப்பேன்? கார்டு காலியாக இருக்கும். சரி, எல்லாம் ஒழுங்காக நடந்தது, உங்கள் முன்பணத்தை நான் திருப்பித் தர வேண்டும். எங்கே போடுவேன்? இந்தக் கார்டுக்காரர்கள் கார்டைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்."

"நான் வெட்டிப் போடுவேன்" என்றேன்.

"இன்னும் மோசம்."

எனக்குக் கோபம் வர வேண்டும். வந்தது உண்மை. ஆனால் அவள் பேசப் பேச வேறொன்றும் தோன்றியது. இவள் என் கார்டின் செவுளைத் திறந்து பார்க்கிறாள். நான் இத்தனை வருசம் கரையில் என்ன செய்தேனோ அதையே எனக்குச் செய்கிறாள். திருப்பி வாங்கும்போதுதான் அது எப்படி இருக்கும் என்று தெரிகிறது.

"தகராறு வந்தா உனக்கு என்னளா? காலையில பொறந்தவ. என் கார்டுகூட உனக்கு முந்திப் பொறந்தது, உனக்கு அக்கா. கணக்கு முடிஞ்சா உன்னக் கலைக்கப் போறான். தகராறு வந்தா?"

"நடுவிலேயே கலைத்துவிடுவார்கள்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்லை ஐயா. எனக்கு இருப்பது ஒரே ஒரு வேலை. அதை முடித்துவிட்டுப் போவதும், முடிக்காமல் போவதும் ஒன்றில்லை" என்றாள்.

பீர் பாக்குப் பொட்டலம் கட்டுவதை நிறுத்திவிட்டான்.

அதற்குள் மதலேன் வந்துவிட்டாள். நடந்ததைப் பீர் சொன்னான். அவள் முந்தானையிலிருந்து தன் வேர் கார்டை எடுத்து நீட்டினாள். "இந்தாம்மா, இதுல எடுத்துக்கிட்டு அந்த மனுசனுக்குக் கையுறையக் குடு."

"உங்கள் கார்டு என்றால் உங்கள் கைக்குத்தான் தர முடியும் அம்மா. காசு கட்டுகிறவர் யாரோ அவர் கைதான் உள்ளே போகும். அது சட்டம்."

"இதுக்கெல்லாமா சட்டம்?" என்றேன்.

"ஐயா, அந்தக் கை ஒரு பச்சைக் குழந்தையைத் தூக்கப் போகிறது. இங்கிருந்து நீங்கள் அழுத்தினால் அங்கே அழுந்தும். அது யார் கை என்று எனக்குத் தெரிய வேண்டாமா?"

நான் மதலேனைப் பார்த்தேன். "கேட்டியாட்டி? கேக்கா பாரு கேள்வி! இவதான் கடைக்காரி. என் பேத்தியத் தொடுதவன் எவன்னு கேக்கா. கேக்கட்டும். நல்லாக் கேளு தாயி. நான் என்ன செய்யணும்? அதச் சொல்லு."

"உங்களை அறிந்தவர்கள் வந்து சொல்லலாம். அவர்களுடைய வேரை வைத்து நான் எடை போடுவேன்."

இவ்வளவுதானா? நான் கடை வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தேன். எங்கள் தெருவில் குரல் கொடுத்தால் போதும். லில்லி டீச்சர் வந்தார். கோயிலில் திரி ஏற்றுகிற கோயில்பிள்ளை தொம்மை வந்தான். ஐஸ் வண்டிக்காரர்கள் வந்தார்கள். விசயத்தைக் கேட்டதும் எல்லாருக்கும் ஒரே உற்சாகம்.

லில்லி டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலில் போனார். "திரு. கயத்தான் அவர்கள் நற்பண்பும் நேர்மையும் உடையவர். பழகுவதற்கு இனிமையானவர்" என்றார். பிள்ளைகளுக்கு நடத்தைச் சான்று எழுதிப் பழகிய கை.

கோடு இறங்கியது.

"அண்ணாச்சி தங்கமான மனுசன். ஈ எறும்புக்குக் கெடுதல் நெனைக்க மாட்டாரு" என்றான் பீர்.

இன்னும் இறங்கியது.

"கடவுள் மாதிரி!" என்று கத்தினான் தொம்மை. கோடு திரையின் அடியில் போய் ஒட்டிக்கொண்டது.

"என்னளா இது? எல்லாரும் நல்லதுதானே சொல்லுதாவ?"

"அதுதான் பயமாக இருக்கிறது" என்றாள் கடைக்காரி. "பொய்க் கார்டு வைத்திருப்பவர்கள் கூட்டி வருகிற சாட்சிகள் எல்லாரும் இப்படித்தான் பேசுவார்கள் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நேர்மையானவர், இனிமையானவர், தங்கமானவர். ஒரு குறைகூட இல்லாத ஆள் உலகத்தில் இல்லை. அப்படி ஒருவரை யாராவது உட்கார்ந்து செய்தால்தான் உண்டு."

மாதா கோயில் மணி அடிக்க அதிக நேரம் இல்லை. அது அடித்தால் மத்தியானம். கார்டை எடுத்து மடியில் செருகிக்கொண்டு, போகலாம் என்று திரும்பினேன். திரும்பினால் எதிரே சம்பந்தி.

இன்னாசி மச்சாது நாளைக்கு உடுத்த வேண்டிய பட்டு ஜிப்பாவை இன்றைக்கே உடுத்திக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். தலையில் எண்ணெய் மினுங்கியது.

"என்ன சம்மந்தி, கார்டு செல்லலையோ? கேள்விப்பட்டேன். பரவால்ல, மனசத் தேத்திக்கிடும். பிள்ளைக்கு ஞானத்தகப்பன் இல்லாமலா போயிரும்? நான் இருக்கேன்ல!"

"உம்மத்தான்வே நெனைச்சேன். ஜிப்பாவப் போட்டுட்டுத் தூங்குனீரா, தூங்கி எந்திச்சுப் போட்டீரா?" என்றேன்.

பின்னால் இருந்து யாரோ சிரித்துவிட்டார்கள். மச்சாது முகம் கறுத்துவிட்டது. நேரே திரையின் முன்னால் போய் நின்றார்.

"ஏம்மா, நீதான் கடைக்காரியா? இந்த ஆளுக்குக் கையுறை குடுத்துராத. சொல்லிட்டேன். இந்த ஆளப் பத்தி எனக்குத் தெரியும். எம்மவன் கல்யாணத்துல பீடத்துக்கு முன்னால சாமியாரு மோதிரத்த மந்திரிச்சுக் குடுக்காரு. இந்த மனுசன் நடுவுல பூந்து அந்த மோதிரத்த வாங்கிக் கடிச்சுப் பாக்காரும்மா! மந்திரிச்ச மோதிரத்த! தங்கமா பித்தளையான்னு! ஊரே பாத்துச்சு!"

திரையில் கோடு துள்ளியது. மீன் துள்ளுகிற மாதிரி. கால்வாசிக்கு வந்து நின்றது.

மச்சாது கோட்டைப் பார்க்கவில்லை. அவருக்கு வேகம் வந்துவிட்டது.

"நிச்சயதார்த்தத்துக்குப் பொடவ கொண்டு போனோம். அத வெயில்ல தூக்கிப் பிடிச்சு ஓட்ட இருக்கான்னு பாத்தாரு. விருந்துக்குக் கூப்பிட்டா, அடுக்களைக்குள்ள போயி, பொரிக்க வச்சிருந்த சீலா மீனு செவுளத் தூக்கிப் பாத்தாரும்மா. எங்க வீட்டு அடுக்களையில! சம்மந்தி வீட்டுல எவனாச்சும் செவுளத் தூக்குவானா?"

கோடு எகிறியது.

"ஐயா," என்றாள் கடைக்காரி மச்சாதுவிடம், "தயவுசெய்து இன்னும் சொல்லுங்கள்."

பீருக்குத்தான் முதலில் விளங்கியது. அவன் கல்லாவிலிருந்து எம்பிக் குதித்து முன்னால் வந்தான். "நானும் சொல்லுதேன்! தங்கம்னு சொன்னது பொய்யி. இந்த மனுசன் எங்கிட்ட கார்டு வாங்குனா, மொதல்ல ஒரு தீப்பெட்டி வாங்கிச் சோதிச்சுப் பாத்துட்டுத்தான் கடைய விட்டுப் போவாரு. எத்தன வருசமா! அவரு வீட்டுல தீப்பெட்டி மலையாக் குமிஞ்சு கெடக்கும்!"

"கோயில் பாட்டுக்குழுவுல சேருங்கன்னேன்" என்று லில்லி டீச்சர் குரலை உயர்த்தினார். "பாட்டுப் பொஸ்தகத்த வாங்கி, கடைசிப் பக்கத்துல இருந்த வெலையப் பாத்துட்டு, இதுல பாதி பாட்டு பழசுன்னு திருப்பிக் குடுத்துட்டாரு! நானும்தான் நற்பண்புன்னு சொல்லித் தொலைச்சேன்!"

தொம்மை தள்ளிக்கொண்டு வந்தான். "உத்தரிய மாதா திருநாளுக்கு மெழுகுதிரி வாங்குனாரு. பாதி எரிஞ்சதும் அணைச்சு எடுத்துட்டுப் போயிட்டாரு. கேட்டா, மிச்சத்த வேற எவனோ அவன் பேருல கும்பிட்டுக்கிடுவான்னாரு!"

தெருவே சிரிப்பில் கிடந்தது. ஐஸ் வண்டிக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். அடுத்த தெருவிலிருந்தும் ஆள் வந்தது. இத்தனை பேருக்கு என்மேல் இத்தனை குறை இருக்கிறது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். ஒவ்வொன்றும் உண்மை. ஒன்றைக்கூட நான் மறுக்க முடியாது. கோடு பாதிக்கு ஒரு மயிரிழை கீழே வந்து நின்றது. அதற்குமேல் நகரவில்லை.

"எல்லாம் சரி" என்றாள் கடைக்காரி. "நீங்கள் ஒரு ஆள் என்பது தெரிந்துவிட்டது. உங்களைச் செய்ய யாருக்கும் பொறுமை இருந்திருக்காது. ஆனால் கை? பிள்ளையைத் தூக்குகிற கை எப்படிப்பட்டது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மதலேன் வந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

"நான் சொல்லுதேன் கேளு. ஜெனோவா பொறந்தா. தூத்துக்குடி ஆஸ்பத்திரி. நர்சம்மா பிள்ளையத் தொடச்சுக் கொண்டாந்து இந்த மனுசன் கையில குடுக்கா. வாங்கிக்கிட்டு இவரு என்ன கேட்டாரு தெரியுமா? 'இது எங்க பிள்ளதானா?' நர்சம்மா அழுதுட்டா. பிள்ளைக்குக் காதுக்குப் பொறத்தால ஒரு மச்சம். அத விரலால தடவிப் பாத்து அடையாளம் வச்சிக்கிட்டாரு. பொறவு அந்தத் தொட்டில விட்டு நகரணுமே! மாத்திருவாங்களாம்! நாங்க வீடு வாரது வரைக்கும் ஒரு கை தொட்டில்லயே கெடந்துச்சு. சோறு தின்னது இன்னொரு கையில. உறங்குனதும் அப்படியே. நான் பெத்த வலியோட படுத்துக் கெடக்கேன், எங்கிட்ட ஒரு வார்த்த எப்படி இருக்கன்னு கேட்டாரா? கேக்கல. அந்தக் கைய மட்டும் எடுக்கல. இப்படி ஒரு மனுசனக் கட்டிக்கிட்டு நான் எப்படிக் குடும்பம் நடத்துனேன்னு அந்த மாதாவுக்குத்தான் தெரியும்!"

அவள் திட்டி முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. கோட்டையும் யாரும் பார்க்கவில்லை. கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. அதோடு சேர்ந்து கடைக்காரியின் குரல் கேட்டது.

"இந்தக் கை போதும் ஐயா. கார்டைக் காட்டுங்கள்."

தெரு கத்திய கத்தில் ஐஸ் வண்டி மாடு மிரண்டது. மச்சாது மட்டும் திரையைப் பார்த்தபடியே நின்றார்.

"எல, நானா? என் வாயாலயா கெடுத்துக்கிட்டேன்?"

அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. "சம்மந்தி, ஞானஸ்நானத்துக்கு மெழுகுதிரி பிடிக்க ஒரு ஆளு வேணும். ஜிப்பாவும் நல்லாத்தான் இருக்கு. வாரீரா?" என்றேன்.

"பாதியில அணைச்சிருவீரா?"

"முழுசும் எரிக்கலாம்வே. என் செலவு."

அவர் வாயைத் திறந்து சிரித்தார். கல்யாணத்துக்கப்புறம் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல்.

சாயங்காலம் ட்ரோன் வந்து கையுறையை வாசலில் இறக்கிவிட்டுப் போனது. மறுநாள் பூசை முடிந்ததும் கோயிலிலேயே திரையை வைத்தார்கள். அந்தப் பக்கம் நிலாவில் ஜெனோவா, ரூபன், ரூபனின் அக்கா, டாக்டராக இருக்கிற ஒரு கன்னியாஸ்திரி. அந்த சிஸ்டர்தான் தண்ணீர் ஊற்றுவது. இந்தப் பக்கம் எங்கள் சாமியார் செபம் சொல்வது. நான் கையுறையைப் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் நீட்டி நின்றேன்.

பிள்ளையை ரப்பர் கையில் வைத்தார்கள். நான் பார்த்தேன், ஆனால் கையில் ஒன்றும் இல்லை. ஏமாற்றிவிட்டாள் என்று நினைத்தேன். அப்புறம், ஒரு மூச்சு விட்டு எடுக்கிற நேரம் கழித்து, வந்தது. படம் முந்தி வந்துவிடுமாம், தொடுவதைக் கையுறைக்குள் சேர்க்க மெஷினுக்கு இன்னும் ஒரு மூச்சு வேண்டுமாம். ஒரு பொட்டலம் அவல் அளவுக்குக் கனம். கதகதவென்று. உள்ளே ஏதோ உதைத்தது.

நிலாவில் எதுவும் மெதுவாகத்தான் விழுமாம். சிஸ்டர் கரண்டியால் ஊற்றிய தண்ணீர் ஒரு கண்ணாடிக் குண்டு மாதிரி ஆடி ஆடி இறங்கி, செலின் என்று பேர் வைக்கப்பட்ட என் பேத்தியின் நெற்றியில் உட்கார்ந்தது. அது அவள் அம்மா பாறையிலிருந்து எடுத்த தண்ணீர். பிள்ளை அழவில்லை. ஒரு கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தது. யார் இவன் என்கிற பார்வை. எனக்கு அந்தப் பார்வை ரொம்பப் பிடித்திருந்தது. பிறகு என் சுண்டு விரலைப் பிடித்தது. பிடித்ததைக் கண் பார்த்தது, ஒரு மூச்சு கழித்து விரல் அறிந்தது. ஒரே பிடியை இரண்டு தடவை வாங்கிக்கொண்டேன்.

சாமியார் செபத்தில் இருக்கும்போது நான் மெதுவாகப் பிள்ளையின் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தேன்.

"அப்பா!" ஜெனோவா அங்கிருந்து சிரித்தாள். "என்ன சோதிக்கீங்க?"

"ஒண்ணுமில்லட்டி."

அங்கே இருந்தது. கடுகு அளவு.

பக்கத்தில் மச்சாது மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு பட்டு ஜிப்பா நனைய அழுதுகொண்டிருந்தார்.

கதை இதோடு முடிந்திருக்கும். நான் வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போலக் கார்டை எடுத்துக் கருவாட்டுக் கத்தியால் நாலாக வெட்டிப் போட்டேன். ட்ரோன் வந்து கையுறையை எடுத்துக்கொண்டு போனது. மறுநாள் பீர் கூப்பிட்டனுப்பினான்.

திரையில் அவள் இருந்தாள்.

"ஐயா, கையுறை கிழியாமல் வந்து சேர்ந்தது. நன்றி. உங்கள் முன்பணத்தைத் திருப்பப் பார்த்தேன். கார்டு செத்திருக்கிறது."

"வெட்டிட்டேன். சொன்னேன்லா."

"வேறொரு கார்டு எண் தாருங்கள். பணத்தைப் போட்டுவிடுகிறேன். கணக்கை முடித்துவிடலாம்."

பீர் ஒரு புதுக் கார்டை எடுத்து நீட்டினான். நான் கையை நீட்டப் போனவன் நின்றுவிட்டேன்.

"ஏளா, கணக்கு முடிஞ்சா?"

"முடிந்ததும் நான் போய்விடுவேன். முடிக்காமல் என்னைக் கலைக்க முடியாது. அடுத்தவர் பணம் என் கையில் இருக்கிறதல்லவா?"

"தகராறு ஒண்ணும் இல்லையே?"

"ஒன்றும் இல்லை. நல்ல வியாபாரம்."

நான் பீரின் கையிலிருந்த கார்டை அவன் சட்டைப் பைக்குள்ளேயே திரும்பச் செருகினேன். அவன் என்னைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், பிறகு பாக்கு மடிக்க உட்கார்ந்துவிட்டான்.

"இன்னைக்கு ஒத்துவராது. நாளைக்குப் பாப்போம்" என்றேன்.

"நாளைக்கும் நான் கேட்க வேண்டும் ஐயா. விதி அப்படி."

"கேளு. கேக்காம விட்டுராத."

அன்றிலிருந்து தினமும் கரையிலிருந்து வரும் வழியில் பீர் கடையில் நிற்கிறேன். அவள் கேட்பாள். நான் இல்லை என்பேன். அப்புறம் அன்றைக்கு என்ன மீன் பட்டது என்று கேட்பாள். செலின் குப்புற விழுந்ததைச் சொன்னேன். பல் வந்ததையும் சொன்னேன். சாளைக்கும் சூடைக்கும் என்ன வித்தியாசம் என்று இப்போது அவளுக்குத் தெரியும். தெருக்காரர்களும் சும்மா இல்லை. மச்சாது போன வாரம் தெருவையே கூட்டித் தன்னைத் திட்டச் சொல்லி, ப்ரீபெய்டில் ஒரு மீன்தொட்டி வாங்கி, பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டுக் கார்டை வெட்டிப் போட்டிருக்கிறார். லில்லி டீச்சர் ஒரு வயலின். பீர் கடையில் ப்ரீபெய்டு கார்டு வந்த அன்றே தீர்ந்துவிடுகிறது. ஈசல் கடைக்காரிகள் சாயங்காலம் அந்தச் சின்னத் திரையில் ஒருத்தி மாற்றி ஒருத்தி வந்து பணத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள். எங்கள் ஆட்கள் சிரித்துக்கொண்டே மறுக்கிறார்கள்.

இப்போது எல்லா ஆன்லைன் வியாபாரத்திலும் முன்னைவிடப் பெரிய எழுத்தில் 'ப்ரீபெய்டு கார்டு ஏற்கப்படாது' என்று போட்டிருக்கிறார்களாம். ஏன் என்று கேட்டால் திருட்டு, விலாசம், முறையீடு என்று காரணம் சொல்வார்கள். அதெல்லாம் பழைய காரணம்.

நேற்றுக் கேட்டாள்: "ஐயா, நீங்கள் யாரையும் நம்ப மாட்டீர்கள் என்று ஊரே சாட்சி சொன்னது. இத்தனை நாளாக உங்கள் பணம் என்னிடம் கிடக்கிறது. பயமாக இல்லையா?"

நான் தீப்பெட்டி ஒன்று வாங்கி, குச்சியை உரசிப் பார்த்துவிட்டு மடியில் செருகிக்கொண்டேன்.

"கெடக்கட்டும்ளா" என்றேன். "உன் கையிலதானே இருக்கு."